ராணுவக் கூட்டணி வச்ச நாடு திடீர்னு எப்படிக் கைகழுவுது?

நேத்து வரைக்கும் தோளோட தோள் நின்ன நாடு திடீர்னு எப்படிக் கழண்டுக்குதுன்னு கேட்டிருக்கீங்க. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்னு நினைக்கிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியர் எல்லாம் கிடையாது, புதுச்சேரி சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்கள எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம்.

திடீர்னு எதுவும் நடக்கறதில்லங்க, சின்னக் கூட்டாளிக்குக் கடைசியிலதான் தெரியவரும். பக்கத்துல கடலூர்லயே நடந்திருக்கு. ஆங்கிலேயனுக்கு எதிரா மைசூரும் பிரெஞ்சுக்காரனும் ஒண்ணா நின்னாங்க, முதல்ல ஹைதர் அலி, அவர் செத்தப்புறம் மகன் திப்பு. ஆனா பிரான்ஸ் அந்தப் போர்ல இறங்கினதே அமெரிக்க சுதந்திரப் போர் விவகாரத்துல. 1783 ஜனவரியிலயே ஐரோப்பாவுல பிரிட்டனும் பிரான்சும் சமாதானத்துக்குக் கையெழுத்து போட்டாச்சு, கப்பல்ல சேதி இங்க வர்றதுக்கு ஜூன் கடைசி ஆயிடுச்சு, அதுக்குள்ள ஜூன் 13 கடலூர்ல தரைச் சண்டை, 20 கடல் சண்டை, முடிஞ்சு போன போருக்கு அத்தனை பேர் செத்தாங்க. சேதி வந்ததும் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, மங்களூர் முற்றுகையில திப்பு கூட இருந்த பிரெஞ்சுப் படையையும் ஒதுங்கச் சொல்லிட்டார். திப்பு தனியா நின்னு 1784 மார்ச்லதான் ஆங்கிலேயனோட உடன்படிக்கை போட்டார். ஒரே போரை வச்சுப் பேசறேன்னு சொல்லுவீங்க, சரி, எங்க வீட்டுக்கே வரேன்.

தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இந்தோசீனா, அதாவது வியட்நாம் பக்கம் போனவர். முதல் உலகப் போர் முடிஞ்ச நாளான நவம்பர் 11 வந்தா மெடலைப் புளி போட்டுத் தேய்ச்சு, சட்டையில குத்திக்கிட்டு பீச் ரோடு போர் நினைவிடத்துக்குக் கிளம்பிடுவார், என்னையும் கூட்டிட்டுப் போவார். 1761ல நம்ம ஊரை இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினவன் ஆங்கிலேயன், 1914ல முதல் உலகப் போர்ல அவன் கூட சேர்ந்துதான் நம்மாளுங்க சண்டை போட்டாங்கன்னு நடந்துக்கிட்டே சொல்லுவார். பிரான்ஸ் ஜெர்மனிகிட்ட பணிஞ்சதும், கப்பல்கள் ஜெர்மனி கைக்குப் போயிடும்னு 1940 ஜூலையில அல்ஜீரியாவுல பிரெஞ்சுக் கப்பல்களை அதே ஆங்கிலேயன் சுட்டதுல 1,200 பேருக்கு மேல செத்தாங்க, ஆனா அதே வருஷம் புதுச்சேரி கவர்னர் போன்வேன் லண்டன்ல இருந்து ஜெர்மனியை எதிர்த்த பிரெஞ்சுத் தளபதி டி கோல் பக்கம், அதாவது பிரிட்டன் பக்கம்தான் போனார். சுத்தி பிரிட்டிஷ் இந்தியா இருக்கும்போது வேற என்ன பண்ண முடியும்?

இதைச் சொன்னா "காசுக்கு அடுத்தவன் நாட்டுக்காக சண்டை போட்டவங்கதானே"ன்னு உடனே கமென்ட் வரும். அன்னைக்குத் தாத்தாவுக்கு அது அடுத்தவன் நாடு இல்லங்க, பிரெஞ்சு ஆட்சியிலதான் பொறந்தார். பிரெஞ்சு ராணுவ பென்ஷன் யூரோவுல வருதுன்னு கொத்தனார்ல இருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் எங்களுக்கு மட்டும் ரேட்டை ஏத்தறாங்க பாருங்க, அதுதான் பொறுக்க முடியல. பாட்டிக்கு வர்ற பணம் மருந்து மாத்திரைக்கே சரியாப் போகுது.