ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டத் தெரிந்தவர் ஐஸ்லாந்தின் பனியாற்றில் ஸ்னோமொபைல் ஓட்ட முடியுமா?

கேள்வி: பெங்களூரில் ஸ்கூட்டர் மட்டும் ஓட்டிப் பழகியவள் நான். ஜூன் மாதம் கணவர், மாமியாருடன் ஐஸ்லாந்து செல்கிறோம். வழிகாட்டியுடன் பனியாற்றின் மேல் ஸ்னோமொபைல் ஓட்ட என்னால் முடியுமா? முன்கூட்டியே பயிற்சி எடுக்க வேண்டுமா? மாமியாரையும் அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாக முடியும். பயிற்சி எதுவும் வேண்டாம். வழிகாட்டிகள் புறப்படும் இடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள், தெளிவாகவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் பெங்களூர்வாசிதான். அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இருசக்கர வண்டியில் போய் வருபவன். அதனால் நம் ஊர்ப் பழக்கத்தில் எது அங்கே உதவும், எது உதவாது என்று சொல்ல முடியும்.

ஸ்னோமொபைல் என்ற இந்தப் பனி வண்டியில் சமநிலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகளும் பின்னால் அகலமான ரப்பர் பட்டையும் இருப்பதால் வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும். கியர், கிளட்ச் எதுவும் இல்லை. இடது கையில் பிரேக், வலது கையில் ஆக்சிலரேட்டர், அவ்வளவுதான். சிக்கல் அந்த ஆக்சிலரேட்டரில்தான் இருக்கிறது. ஸ்கூட்டரில் கைப்பிடியை முறுக்குகிறோம். இங்கே கைப்பிடிக்குக் கீழே ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். அதை வலது கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பயம் வந்தால் மனிதக் கை தானாகவே இறுகும். இறுகினால் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும், வண்டி முன்னைவிட வேகமாகப் பாயும். இரண்டு வண்டிகள் மோதிக்கொள்வதும் ஓட்டுபவர் பாதையை விட்டு விலகுவதும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும் என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். பயந்தால் கட்டைவிரலை எடுக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். விரலை எடுத்ததுமே பட்டையின் இழுவையால் வேகம் குறைந்துவிடும், பிரேக்கே பல நேரங்களில் தேவைப்படாது. கிளம்பியதும் வரும் சமதளத்தில் நாலைந்து தடவை வேண்டுமென்றே அழுத்தி, எடுத்து, அழுத்தி, எடுத்துப் பாருங்கள். கைக்குப் பழகிவிடும்.

திருப்பங்களில் இன்னொரு வேறுபாடு உண்டு. ஸ்கூட்டரில் வண்டியும் நாமும் சேர்ந்தே சாய்வோம். ஸ்னோமொபைல் சாயாது, நாம்தான் சாய வேண்டும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பும் பக்கமாக உடலைச் சாய்த்து, கைப்பிடியைச் சற்று பலத்தோடு திருப்புங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவரும் உங்களோடு சாய வேண்டும், இதைக் கணவரிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். சிக்னலில் காலை ஊன்றி ஊன்றிப் பழகிய நமக்கு வண்டி லேசாகச் சரிந்தாலே கால் வெளியே நீளும். இங்கே அது கூடவே கூடாது. 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு அடியில் கால் சிக்கிக்கொள்ளும்.

ஓட்டுபவரின் உடையோடு ஒரு சுருள் கயிற்றை மாட்டிவிடுவார்கள். அவர் கீழே விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வர, என்ஜின் அணைந்துவிடும். அது மாட்டியிருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

இனிப் பனியாற்றைப் பற்றி. வண்டியைவிட இதைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம் என்பது என் கருத்து. பெரும்பாலான முதல்முறைப் பயணங்கள் லாங்யோகுல் பனியாற்றுக்குத்தான் போகின்றன. தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து சுமார் 120 கி.மீ. தொலைவிலுள்ள குல்ஃபாஸ் அருவி வரை சாலையில் போய், அங்கிருந்து ராட்சத டயர் பொருத்திய வாகனத்தில் மேலே ஏற வேண்டும். ஐஸ்லாந்தின் இரண்டாவது பெரிய பனியாறு இது. 800 சதுர கி.மீ.க்கும் அதிகமான பரப்பு, அதாவது நம் பெங்களூரு நகரத்தைவிடப் பெரியது. அத்தனையும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் பனிக்கட்டி. அடியிலுள்ள பாறை மேடுகளைக் கடக்கும்போது அதன் மேல்பகுதி நெகிழாமல் வெடிக்கிறது. அப்படி உண்டாகும் பிளவுகள் பத்து, இருபது மீட்டர் ஆழத்துக்கும் அதற்குக் கீழேயும் போகும். குளிர்காலத்தில் புதிய பனி விழுந்து பிளவின் வாயை மூடிவிடும். மேலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைச் சமவெளிதான் தெரியும். அந்த மெல்லிய மூடியின் மேல் வண்டி ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வழிகாட்டி போட்ட தடத்திலேயே ஒருவர் பின் ஒருவராகப் போகச் சொல்வதன் காரணம் இதுதான். வரிசையிலிருந்து ஒரு மீட்டர்கூட விலகாதீர்கள். நல்ல படம் கிடைக்கும் என்று பக்கத்தில் ஒதுங்கி நிறுத்தாதீர்கள். மேகம் இறங்கி வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி முன்னால் போகும் வண்டி தெரியாமல் போனால், தேடிக்கொண்டு போகாமல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். வழிகாட்டி திரும்பி வருவார். தைரியசாலிகளைவிடச் சொன்னதைக் கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பயணம் நன்றாக அமைகிறது. அதனால்தான் உங்களைப் போன்ற புதியவர்களை நான் நம்பிக்கையோடு போகச் சொல்கிறேன்.

வானிலை விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். 2020 ஜனவரியில் லாங்யோகுல் பகுதியில் ஸ்னோமொபைல் பயணம் போன 39 பேர் புயலில் சிக்கி, இரவு முழுக்க நடந்த மீட்புப் பணிக்குப் பிறகே பத்திரமாகத் திரும்பினார்கள். அன்று வானிலை எச்சரிக்கை அமலில் இருந்தது. மீட்கப் போனவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஸ்னோமொபைலின் கதையிலேயே இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்பவரின் இரண்டு வயது மகன், 1934 குளிர்காலத்தில் பனி மூடிய சாலைகளால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் இறந்தான். அதன் பிறகு அவர் பனியில் ஓடும் வண்டிகளை உருவாக்குவதில் முழுமூச்சாக இறங்கினார். இன்று நாம் ஓட்டும் சிறிய வடிவத்துக்கு முன்னோடியான ஸ்கி-டூ 1959இல்தான் வந்தது.

ஜூனில் புயல் ஆபத்து குறைவுதான், பகலும் மிக நீளம். ஆனாலும் ஐஸ்லாந்து வானிலை மையத்தின் இணையதளத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை போடுவார்கள். முதல் நாள் மாலையே பாருங்கள். பயணத்தின் கடைசி நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். ரத்தானால் வேறு நாளுக்கு மாற்ற இடம் இருக்க வேண்டும்.

மாமியாரைப் பொறுத்தவரை அவருடைய வயதைவிட முதுகுத்தண்டைப் பற்றித்தான் கேட்பேன். காற்று செதுக்கிய பனி கல்லைப் போல இறுகிக் கிடக்கும் இடங்களில் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். பின்னிருக்கைக்குத்தான் அடி அதிகம். இடுப்புவலியோ எலும்புத் தேய்மானமோ இருந்தால் வேண்டாம். அதே லாங்யோகுல்லில் பனிக்கட்டிக்குள் குடைந்த சுரங்கம் ஒன்று 2015 முதல் திறந்திருக்கிறது. பெரிய வாகனத்திலேயே மேலே கொண்டுபோய் விடுவார்கள், உள்ளே பொறுமையாக நடந்து பார்க்கலாம். அவருக்கு அதுவே கூடுதல் மகிழ்ச்சி தரும் என்று நினைக்கிறேன்.

பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரியில். பனியாற்றின் மேல் ஜூனிலும் குளிர் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், ஓடும் வண்டியில் காற்று வேறு அறையும். மேலுடை, ஹெல்மெட், கையுறை எல்லாம் அவர்களே தருவார்கள். உள்ளே நீங்கள் அணிவது கம்பளியாகவோ தெர்மலாகவோ இருக்கட்டும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம், வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

லாங்யோகுல்லுக்கு மேற்கே ஓக்யோகுல் என்று ஒரு பனியாறு இருந்தது. உருகிச் சுருங்கி நகரும் வலுவை இழந்ததால், 2014இல் அது இனி பனியாறு அல்ல என்று அறிவித்தார்கள். 2019இல் அங்கே நினைவுப் பலகை வைத்தார்கள். பெட்ரோல் வண்டியில் பனியாற்றைப் பார்க்கப் போவது என் மனத்தை உறுத்தவே செய்கிறது. அதனால் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், மறுநாள் சோல்ஹேமாயோகுல் என்ற இன்னொரு பனியாற்றில் வழிகாட்டியுடன் நடந்து பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். வழிகாட்டி நடுவழியில் நிறுத்தும்போது என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிச் சுற்றிலும் பாருங்கள்.

கடைசியாக உரிமம். ஓட்டுபவரிடம் முழுமையான ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள், எல்எல்ஆர் செல்லாது. அசல் அட்டையை எடுத்துச் செல்லுங்கள், கைப்பேசியில் இருக்கும் பிரதி போதாது. உங்கள் உரிமத்தில் இருசக்கர வாகனம் மட்டும் இருந்தால், பணம் கட்டும் முன் அதன் படத்தை நிறுவனத்துக்கு அனுப்பி, ஏற்றுக்கொள்வார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். வண்டிக்குச் சேதம் வந்தால் நாம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். ஒரு வண்டிக்கு இருவர் என்பதுதான் வழக்கமான கட்டணம். கணவரிடமும் உரிமம் இருந்தால் பாதி வழியில் இடம் மாறிக்கொள்ளலாம். முதல் பாதியை நீங்கள் ஓட்டுங்கள், கட்டைவிரல் வலிக்கத் தொடங்கும்போது அவரிடம் கொடுத்துவிடலாம்.