பிஎச்.டி. படிக்கும்போது ஆய்வு, கதை, பறவை எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளம் வைத்துக்கொள்ளலாமா?

பெங்களூரில் ஆய்வு மாணவர், கதை எழுதுவேன், ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கப் போவேன், தளம் தொடங்கினால் கைடு என்ன நினைப்பாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்குங்கள். நானும் இதே ஊரில் பிஎச்.டி. முடித்தவன்தான். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: முகவரி உங்களுடையதாக இருக்கட்டும்.

துறையில் தரும் பக்கம் இலவசம்தான். ஆனால் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறியதும் கணக்கை மூடிவிடுவார்கள். அதுவரை நீங்கள் எல்லோருக்கும் கொடுத்து வைத்த இணைப்பு செத்துப்போகும். பெரிய நிறுவனத்தை நம்பினாலும் இதே கதைதான். இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009-இல் மூடியபோது எத்தனை பேருடைய சொந்தப் பக்கங்கள் போயின! டொமைன், அதாவது உங்கள் பெயரிலேயே ஒரு இணைய முகவரி, ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். ஆய்வு மாணவருக்கு மாதாமாதம் வரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 37,000 ரூபாயில் அது தாங்கும். முதல் வருடத் தள்ளுபடியில் மயங்காமல் புதுப்பிக்கும் விலை என்ன என்று பாருங்கள்.

தளத்தை கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் காசில்லாமல் வைக்கலாம். 1 ஜி.பி. வரை இடம் உண்டு, எழுத்துக்கு அது கடல். எழுதியதை இணையப் பக்கமாக மாற்றித் தரும் மென்பொருள்கள் ஹ்யூகோ, ஜெக்கில்; இரண்டில் எது கைக்கு வருகிறதோ அது போதும். ஒன்று கவனம்: இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் ரெப்போ, அதாவது தளத்தின் கோப்புகள் இருக்கும் கிடங்கு, பொதுவில் இருந்தாக வேண்டும். பழைய வடிவங்களும் அதில் தங்கும் என்பதால் பாதி எழுதிய கதை, நேற்று வேண்டாம் என்று நீக்கிய பத்தி எல்லாவற்றையும் தேடுகிறவர் எடுத்துப் படிக்கலாம். வரைவுகளை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொண்டு முடிந்த பக்கத்தை மட்டும் ஏற்றுங்கள்.

தமிழில் எழுதுவதால் வரும் தொல்லைகள் தனி. கிடைக்கிற தீம்கள் (தளத்தின் ஆயத்த வடிவமைப்புகள்) எல்லாம் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தவை. இரண்டு ஓரமும் சமன் செய்தால் நம் நீளமான சொற்களால் வரிக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடப்பக்கம் மட்டும் ஒட்டவிடுங்கள். மேற்கோளுக்குச் சாய்வெழுத்து வைத்திருப்பார்கள். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் சாய்வு வடிவமே கிடையாது, பிரௌசர் தானாகச் சாய்த்துக் கண்றாவியாக்கும். நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவைப் போட்டு வரி இடைவெளியைக் கூட்டினால் கண்ணுக்கு இதம். தலைப்பைத் தமிழில் வைத்தாலும் பக்கத்தின் சுட்டியை (இணைப்பு முகவரியை) சின்னதாக ஆங்கில எழுத்தில் வையுங்கள். ‘அம்மா’ என்ற ஒரு சொல் மட்டுமே சுட்டியில் 45 குறிகளாக விரியும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வாலைப் பார்த்தால் வைரஸ் என்று நினைத்து யாரும் தொடமாட்டார்கள்.

கைடு விஷயத்துக்கு வருகிறேன். முகப்பில் ஆய்வு, கட்டுரைகள், சி.வி.; கதையும் பறவையும் மேலே மெனுவில். வேலைக்கு எடுக்கும் குழுவினர் உங்கள் பெயரை கூகுளில் தேடுவார்கள், அவர்களுக்கு வேண்டியது முதல் திரையில் கிடைத்தால் போதும். வெளியாகாத முடிவுகளையும் லேப் படங்களையும் கேட்காமல் போடாதீர்கள். காப்புரிமை (பேட்டன்ட்) கேட்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டி வெளியிட்டது பெரிய சிக்கல். மற்றபடி ஹெப்பாள் ஏரியில் நீங்கள் பார்த்த கூழைக்கடாவால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கதைகளில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். இதழ்களும் போட்டிகளும் பெரும்பாலும் ‘இணையத்திலும் வெளிவராத’ படைப்பையே கேட்கின்றன. அனுப்ப நினைக்கும் கதையை முதலில் அங்கே அனுப்பி, அச்சில் வந்தபின் தளத்தில் ஏற்றுங்கள்.

பறவை, விலங்குப் படங்களைப் பற்றி ஒன்று. மொபைலில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தைத் துல்லியமாகக் காட்டும் ஆயத்தொலைவு எண்களும் சேர்ந்திருக்கலாம். இங்கே ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் கழகம்) வளாகத்து மரங்களில் தேவாங்கு உண்டு. மாந்திரீகம் என்று சொல்லி அதைப் பிடித்து விற்கும் கூட்டமும் இந்த மாநிலத்தில் உண்டு. ஆந்தைக் கூடு, தேவாங்கு போன்ற படங்களை ஏற்றும் முன் அந்த விவரத்தை நீக்கிவிடுங்கள். மரத்தையும் தெருவையும் குறிப்பிட வேண்டாம், ‘பெங்களூரு’ என்று மட்டும் போட்டால் போதும்.