ஐ.சி.யு.வில் மருந்து: மலையிலிருந்து வந்த கேள்விகள்

கேள்வி: அப்பா ஐ.சி.யு.வில் இருக்கிறார். பொட்டாசியம் குறைந்துவிட்டது என்றார்கள். ஒரு சின்ன ஆம்ப்யூல் மருந்துக்கு இரண்டு சிஸ்டர்கள் கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதையும் ஊசியாகப் போடாமல் மணிக்கணக்கில் டிரிப்பில் ஏற்றுகிறார்கள். எதற்கு இந்தத் தாமதம்? (வாசகர், குன்னூர்)

பதில்: அந்தத் தாமதம்தான் உங்கள் அப்பாவுக்குப் பாதுகாப்பு. பொட்டாசியம் குளோரைடைச் சலைனில் கலக்காமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடலாம். வழக்கமாகக் கிடைக்கும் 10 மி.லி. ஆம்ப்யூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கும். கை நரம்பு வழியாக என்றால் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போகக் கூடாது. கழுத்து நரம்பில் சென்ட்ரல் லைன் (பெரிய நரம்புக்குள் போடும் குழாய்) இருந்து, ஈ.சி.ஜி. மானிட்டரும் ஓடினால் 20 மில்லி ஈக்விவலன்ட் வரை போகலாம். சிறுநீர் சரியாகப் பிரிகிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

தவறு பெரும்பாலும் கலக்கும்போதுதான் நேர்கிறது. தொங்குகிற சலைன் பாட்டிலுக்குள் மருந்தை ஏற்றிவிட்டு அப்படியே விட்டால், கனமான பொட்டாசியம் அடியில் தங்கி முதலில் அதுவே இறங்கும். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பத்து முறையாவது தலைகீழாகப் புரட்டி, லேபிள் ஒட்டிய பிறகே மாட்ட வேண்டும். இன்னொரு ஆபத்து, இந்த ஆம்ப்யூல் டிஸ்டில்டு வாட்டர் ஆம்ப்யூலைப் போலவே இருப்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது.

இரண்டாவது சிஸ்டரிடம் விடையைச் சொல்லிவிட்டு "சரிதானே?" என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது. அவர் டாக்டரின் குறிப்பைப் பார்த்துத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். இருவருக்கும் ஒரே விடை வந்தால்தான் மருந்து ஏற வேண்டும்.

கேள்வி: சிறிய மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் பம்பில் ஓடும் நோயாளியை மதுரைக்கு அனுப்பும்போது, வழியில் சிரிஞ்ச் மாற்றினால் பி.பி. சரிகிறது. என்ன செய்யலாம்? (வாசகி, கொடைக்கானல்)

பதில்: இந்த மருந்தின் வேலை உடம்பில் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதனால் சிரிஞ்ச் மாற்றும் இடைவெளியே போதும், பி.பி. இறங்க. மலைச் சாலையில் அந்த வேலை வராதபடி கிளம்பும் முன்பே கணக்குப் போடுங்கள். 4 மி.கி. மருந்தை 50 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 4.5 மி.லி. அதுவே 0.3 ஆனால் 13.5 மி.லி.; நாலு மணி நேரத்துக்குள் சிரிஞ்ச் காலி. பயண நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மருந்தும் பம்ப் பேட்டரியும் கையில் இருக்கட்டும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் இரண்டாவது பம்ப் வேண்டும். புதிய சிரிஞ்சைப் பொருத்தியதும் பிஸ்டனுக்கும் பம்புக்கும் நடுவே சிறு தளர்வு இருக்கும். அந்தத் தளர்வு நீங்கும் வரை பம்ப் ஓடினாலும் மருந்து போகாது. ஆகவே நோயாளியோடு இணைக்கும் முன், டியூப் நுனியில் துளி எட்டிப் பார்க்கும் வரை ஓட்டுங்கள். பிறகு இணைத்து, பி.பி. ஏறத் தொடங்கும்போது பழைய பம்பைப் படிப்படியாகக் குறையுங்கள். அந்த லைனில் வேறு ஊசி போடாதீர்கள், சலைன் விட்டு ஃப்ளஷ் செய்யாதீர்கள். டியூபில் நிற்கும் மருந்து மொத்தமாக உள்ளே போய் பி.பி. எகிறிவிடும். பம்பை உயரத்தில் தொங்கவிட வேண்டாம், நோயாளியின் மார்பு மட்டத்தில் கட்டிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஆடினாலும் மட்டம் மாறக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். 2 மி.கி. நார்அட்ரினலின் பைடார்ட்ரேட் (மருந்தின் உப்பு வடிவம்) என்பது 1 மி.கி. நார்அட்ரினலினுக்குத்தான் சமம். நீங்கள் எழுதும் "4 மி.கி." இதில் எது என்பதை லேபிளைப் பார்த்துச் சீட்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் மதுரையில் அளவு இரட்டிப்பாகலாம், பாதியாகலாம்.

கேள்வி: மூக்குக் குழாயில் மாத்திரையை எல்லாம் பொடித்துக் கொடுக்கலாமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: எல்லாவற்றையும் முடியாது. பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர். என்று இருந்தால் பொடிக்கவே கூடாது; நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். மற்றவற்றில் பொடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் தனித்தனியாகப் பொடித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் 15 முதல் 30 மி.லி. தண்ணீர் விடுங்கள். தண்ணீர்க் கட்டுப்பாடு இருந்தால் அளவை டாக்டர் சொல்வார். கஞ்சியோடு கலக்காதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஐ.சி.யு.வில் சேர்க்கும்போது வீட்டிலிருந்து என்ன கொண்டுபோக வேண்டும்? (வாசகி, கூடலூர்)

பதில்: சாப்பிட்டுவந்த எல்லா மருந்தும், நாட்டு மருந்து உட்பட. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு இருந்தால் கேட்காமலே சொல்லுங்கள்; கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து. இன்சுலின் என்றால் குப்பியும் சிரிஞ்சும் வேண்டும். ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். மாத்திரை அட்டையை வெட்டாமல் முழுசாகக் கொண்டுபோங்கள். துண்டில் பெயர் இருந்தால் அளவு இருக்காது.