ரிப்போர்ட்டை ஏஐயிடம் காட்டிக் கேட்கலாமா?

கேள்வி: கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து, கண்டியில் கிளினிக் போகிறோம். திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தம்பி போனில் படமெடுத்துச் சாட்ஜிபிடியிடம் கேட்டான். "ஹெர்-2 பொசிட்டிவ், டிராஸ்டுசுமாப் ஏற்ற வேண்டும்" என்றது. டொக்டரோ இன்னொரு பரிசோதனை முடியட்டும் என்கிறார். எதை நம்புவது? (பிரதி இணைத்துள்ளேன்.)
- வாசகி, தலவாக்கலை

பதில்: டொக்டர் சொன்னபடியே பொறுத்திருங்கள். ஹெர்-2 என்பது சில மார்பகப் புற்றுநோய்களில் அளவுக்கு மீறிக் காணப்படும் ஒரு புரதம். நீங்கள் அனுப்பிய பிரதியில் ஹெர்-2க்கு நேரே '2+' என்றுதான் இருக்கிறது. 3+ என்றால் பொசிட்டிவ். 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ இரண்டிலும் சேராதது என்பதால், அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு உண்மையிலேயே பெருகியிருக்கிறதா என்று திசுவை வேறு முறையில் சோதித்த பிறகே முடிவு செய்வார்கள். பொசிட்டிவ் என்று வந்தால் டிராஸ்டுசுமாப் மிக நல்ல மருந்து. ஆனால் அது இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதால், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்துத்தான் தொடங்குவார்கள். அம்மாவின் இதயம் எப்படியிருக்கிறது என்பது தம்பி எடுத்த படத்தில் இல்லை.

அமெரிக்க ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மார்பகம், நுரையீரல், புரொஸ்டேட் புற்றுநோய்களின் சிகிச்சை பற்றிச் சாட்ஜிபிடியிடம் 104 கேள்விகள் கேட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்களில் மருத்துவ வழிகாட்டலுக்கு ஒவ்வாத ஆலோசனை ஒன்றாவது இருந்தது. அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, பெரும்பாலும் அதே பதில்களில் சரியான சிகிச்சையும் சேர்ந்தே இருந்தது என்பதுதான். சரியும் தவறும் ஒரே உறுதியான குரலில் வரும்போது, துறை சார்ந்தவரே நின்று நிதானித்துத்தான் பிரிக்க வேண்டும். பின்னர் வந்த ஏஐ பதிப்புகள் தேறியிருக்கின்றன, ஆனால் பிழைவிடாதவை அல்ல. வைத்தியர்கள் சிலரும் ஆய்வுகளைத் தேடவும் சுருக்கவும் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் சிகிச்சையைத் தீர்மானிக்கும் பொறுப்பு அவர்களுடையதே.

தம்பியைக் கடிந்துகொள்ளாதீர்கள். விடியுமுன் பஸ் ஏறி, வரிசையில் காத்திருந்து, உள்ளே சில நிமிடங்களே கிடைக்கும்போது, அந்த ஆங்கிலத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியத் துடிப்பது பிள்ளைகளின் இயல்பு. சொற்களின் பொருளை ஏஐயிடம் தாராளமாகக் கேட்கட்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், கிளினிக் இலக்கம் ஆகியவற்றை மறைத்துவிட்டுப் படமெடுக்கட்டும். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் அதனிடம் கேட்க வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது இரண்டு கேள்விகளைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்: அந்தப் பரிசோதனை முடிவு எப்போது வரும்? அதுவரை சிகிச்சை தாமதமானால் அம்மாவுக்குப் பாதகமா?