முதலில் கூட இருங்கள்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். எங்கள் சபையிலிருந்து ஒன்பது பேர் வரும் மே மாதம் உகாண்டாவுக்கு ஊழியப் பயணம் போகிறோம். கம்பாலாவிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் கிராமச் சபைகளின் ஊழியர்களுக்கு ஐந்து நாள் சீஷத்துவப் பயிற்சி. எனக்கு ஆறு பாடங்கள். ஸ்லைடு எல்லாம் தயார். ஆனால் சபையிலேயே சிலர், “டிக்கெட்டுக்குப் போடுகிற காசை அவர்களுக்கே அனுப்பிவிடலாமே” என்கிறார்கள். ஐந்து நாளில் சீஷத்துவத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று எனக்கும் உள்ளுக்குள் உறுத்துகிறது. நீங்கள் அங்கே போய் வந்தவர். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு தம்பி, பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

ஐந்து நாளில் முடியாது. அதற்காகப் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் இயேசு பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொள்கிற இடத்தை ஒருதரம் வாசியுங்கள். தம்மோடுகூட இருக்கவும், பிரசங்கம்பண்ண அனுப்பவும் என்று இருக்கிறது. கூட இருப்பதுதான் முதலில் வருகிறது. நம் பயிற்சிகளில் விட்டுப்போவதும் அதுதான்.

எங்கள் குழுவும் பாடங்களைத் தூக்கிக்கொண்டுதான் போனது. எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். எங்களுக்குத் தனி அறையில் கோழிக்கறியோடு சாப்பாடு. வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே காத்திருந்தார்கள். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் பெருமழை, வகுப்பு தொடங்கவில்லை. நான் பின்பக்கம் சமையல் குடிசைக்குப் போனேன். அந்தச் சபை ஊழியரின் மனைவி, நம் ஊர் வழக்கில் சொன்னால் ஐயரம்மா, மத்தோக்கே செய்ய வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தோல் சீவிய காயை வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி ஆவியில் வேகவைத்து, அப்புறம் இலையோடு சேர்த்தே கையால் அமுக்கி மசிக்கிறார்கள். எனக்கும் ஒரு கத்தி கிடைத்தது. நாலு காய் உரிப்பதற்குள் பால் ஒட்டி விரலெல்லாம் கறுத்துவிட்டது. எங்கள் ஊரில் கையில் எண்ணெய் தடவிக்கொள்வோம் என்று சைகையில் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு எழுந்துபோய் எண்ணெய் எடுத்து வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, அவருக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் கேட்டார்: “என் மூத்த மகன் குடிக்கிறான். ஆலயத்துக்கு வருவதில்லை. ஊழியக்காரன் வீட்டிலேயே இப்படி என்று ஊர் பேசுகிறது. உங்கள் ஊரில் இதற்கு என்ன செய்வீர்கள்?” முந்தின நாள்தான் குடும்ப ஜீவியத்தைப் பற்றி இரண்டு பாடம் எடுத்திருந்தோம். அங்கே அவர் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் இதேபோல் நடந்த ஒன்றைச் சொன்னேன். தோல் குவியலுக்குப் பக்கத்திலேயே முழங்காலிட்டு இருவரும் ஜெபித்தோம். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கே காலை ஆறு, இங்கே எட்டரை ஆகும்போது வாட்ஸாப்பில் பேசிக்கொள்கிறோம். மகன் இன்னும் ஆலயத்துக்கு வரவில்லை.

உங்கள் பக்கத்துக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து, பிற்பாடு தோர்ணக்கல் பேராயரான வேதநாயகம் அசரியா. 1910 ஜூனில் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், 35 வயதில், மேலைநாட்டு மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து பேசினார். ஏழைகளுக்காக உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். கைகுலுக்கல், நாற்காலி, விருந்து என்று சின்ன விஷயங்களையும் அந்தப் பேச்சில் தொட்டார். அவரும் ஊரை விட்டுப் போய் ஊழியம் செய்தவர்தான். 1909-ல் தெலுங்கு பேசுகிற தோர்ணக்கலுக்குப் போனார், 1945-ல் அங்கேயே இறந்தார். அன்றைக்கு நாம் கேட்கிற இடத்தில் இருந்தோம். உகாண்டாவில் இறங்கும்போது நாற்காலி நமக்குப் போடப்படுகிறது. அந்தக் கையால் மசித்த மத்தோக்கேயை அவர்களோடு பாயில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், தம்பி. அதை உங்கள் முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் சீஷத்துவத்தில் நேற்று பிறந்தவர்கள் அல்ல. 1886 ஜூன் 3-ம் தேதி நமுகோங்கோவில் விசுவாசத்துக்காக இளைஞர்கள் உயிரோடு எரிக்கப்பட்ட தேசம் அது. லுகாண்டா மொழியில் முழு வேதாகமம் 1896-ல் வந்துவிட்டது. அதே வருஷம் அப்போலோ கிவெபுலாயா என்ற உகாண்டாக்காரர் எல்லை தாண்டி காங்கோவின் போகாவுக்கு ஊழியத்துக்குப் போனார். அடிபட்டார், சிறைப்பட்டார், ஆனாலும் அந்த ஊழியத்தை விடவில்லை. அப்புறம் சபைகளைப் புதிதாக உயிர்ப்பித்த கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதல் இயக்கம். கூடுகைகளில் ஒருவருக்கொருவர் பாவத்தை மறைக்காமல் அறிக்கையிடுகிற பழக்கம் அதில் வந்தது. அப்படி ஒரு கூடுகையில் நீங்கள் உட்கார நேர்ந்தால், பேசாமல் உட்காருங்கள்.

இனி உங்கள் ஆறு பாடங்கள். மூன்றை எடுத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளரோடு பேசும்போது ஒரு மணி நேரப் பாடத்தில் உங்களுக்குக் கிடைப்பது அரை மணிதான். ஸ்லைடு வேண்டாம், கரண்ட்டை நம்ப முடியாது. கடைசி நாள் நீங்கள் யாரும் பேசாதீர்கள், அவர்கள் எடுக்கட்டும்.

மே மாதம் உங்களுக்குக் கோடை விடுமுறை, அங்கே மழைக்காலம். கிராமத்து ஊழியர்களில் பலர் விவசாயம் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள். எந்த வாரம் அவர்களால் வயலை விட்டு வரமுடியும் என்று இன்னும் கேட்கவில்லை என்றால் இன்றைக்கே கேளுங்கள். வருகிறவர்களின் பயணச் செலவையும் உங்கள் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

காசை அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்களோடு சண்டை போடாதீர்கள். பாதி நியாயம் அவர்கள் பக்கம் இருக்கிறது. ஒன்பது பேர் அதிகம். நாலு பேர் போங்கள், அடுத்த முறையும் அதே ஊருக்கே போங்கள். மிச்சமாகிற டிக்கெட் காசில் அங்கிருந்து இரண்டு ஊழியர்களைப் பாளையங்கோட்டைக்கு வரவழையுங்கள். உங்கள் சபையில் அவர்கள் பாடம் எடுக்கட்டும், உங்கள் வீடுகளில் தங்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிடுங்கள். அந்த அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். மலேரியா மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், ஐயரம்மாவுக்கு ஒரு சேலை கொடுத்துவிடலாமா என்று இருக்கிறேன். நீங்கள் போகிற வழியில் அவர்கள் ஊர் வருகிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா