பழைய சமஸ்கிருத நாடகம் ஒன்றை இயக்கும்போது, இயக்குநர் தன் ‘கான்செப்ட்’டை எப்படி உருவாக்கிக்கொள்வது?

கல்லூரியில் சமஸ்கிருத நாடகம் ஒன்றைத் தமிழில் போடப் போவதாகவும், பார்க்கிறவர்கள் எல்லாம் “கான்செப்ட் என்ன?”, அதாவது நாடகத்தை எந்தப் பார்வையில் போடப் போகிறீர்கள் என்று கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் கடலூர்க்காரன். பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் ‘ஊருபங்கம்’ (தொடை முறிவு) நாடகத்தை எங்கள் குழுவோடு போட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கதாயுதச் சண்டையில் பீமன் துரியோதனனின் தொடையைப் பிளப்பதில் தொடங்கி அவன் உயிர் பிரியும் வரைதான் கதை, ஒரே அங்கம். பாசன் எழுதியவை என்று சொல்லப்படும் பதின்மூன்று நாடகங்களையும் சமஸ்கிருத அறிஞர் கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரத்தில் அச்சிட்ட பிறகுதான் அவை பரவலாகத் தெரியவந்தன. மேடையில் சாவைக் காட்டக்கூடாது என்பது பழைய சமஸ்கிருத நாடக மரபு. இந்த நாடகத்தில் நாயகன் நம் கண்ணெதிரே சாகிறான்.

முதலில் நான் வைத்திருந்த கான்செப்ட், ‘இன்றைய போர்’. ராணுவ உடுப்பு, பின்னால் வீடியோ, குண்டுச் சத்தம். பத்து நாள் ஒத்திகை அப்படியே ஓடியது. துரியோதனனின் மகன் துர்ஜயன் வரும் காட்சியில் எல்லாம் நின்றுபோனது. சின்னப் பையன், அப்பாவின் மடியில் உட்கார வருகிறான். தொடை நொறுங்கிக் கிடக்கிறது, உட்காராதே என்று அப்பாவே தடுக்க வேண்டும். எங்கள் பையனுக்கு எட்டு வயது. அவன் ஓடிவந்து உட்காரப் போனதும் துரியோதனனாக நடித்தவர் உள்ளங்கையால் அவன் நெஞ்சைத் தடுத்தார். யாரும் பேசவில்லை. பின்னால் ஓடிக்கொண்டிருந்த வீடியோவை அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன்.

அப்புறம்தான் பிரதியை மறுபடி மெதுவாகப் படித்தேன். திருதராஷ்டிரன் வரும்போது காலில் விழ முயன்று முடியாமல் துரியோதனன் சொல்கிறான்: தொடையோடு சேர்த்து, அப்பாவை வணங்கும் பேற்றையும் பீமன் பறித்துக்கொண்டான் என்று. இது தனக்கு விழுந்த இரண்டாவது அடி என்கிறான். அந்த வரியில்தான் எனக்குக் கேள்வி கிடைத்தது: எழுந்திருக்க முடியாத ஒருவனோடு பேச யார் யார் தரைக்கு இறங்குகிறார்கள்? எங்கள் கான்செப்ட் இவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்கு உருவம் ஊரிலேயே இருந்தது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுத்த மாதிரி செய்வார்கள். அந்தப் பெரிய உடம்பைச் சுற்றிச் சுற்றித்தான் கூத்து. சின்ன வயதில் அந்த மண் காலுக்கருகே நின்று அண்ணாந்து பார்த்தது நினைவிருக்கிறது. ஆனால் கூத்தின் வேஷத்தையும் அடவையும் மேடைக்குத் தூக்கிவர நான் விரும்பவில்லை. அது கோயிலுக்கு உரியது, அங்கே இருக்கட்டும். மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒத்திகை வைத்தோம். துரியோதனனாக நடித்தவர் முழங்கையை ஊன்றி ஊர்ந்து வந்தபோது பின்னால் மணலில் ஒரு தடம் விழுந்தது. மேடையிலும் மணல் பரப்புவதென்று அங்கேயே முடிவாயிற்று. மற்றதெல்லாம் கேள்வியிலிருந்தே வந்தது. பலராமன் கோபத்தில் நின்றபடியே பேசுவார். பார்வையில்லாத திருதராஷ்டிரன் மணலைத் தடவிக்கொண்டே வந்து மகனின் தலையைத் தொடுவார். காந்தாரி உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள். கதாயுதச் சண்டை நாடகத்திலேயே நடப்பதில்லை, மூன்று வீரர்கள் விவரிக்கிறார்கள். நாங்களும் காட்டவில்லை. இடம் மாற அரங்கைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும், நாடகக் கலைக்கான பழைய நூலான நாட்டிய சாஸ்திரத்திலும் அதுதான் வழி.

உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். உடையையும் காலத்தையும் முதலில் தீர்மானிக்காதீர்கள். நடிகர்களோடு உட்கார்ந்து பிரதியை வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியில் எல்லாருக்கும் தொண்டை அடைக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். அந்த வரி கேட்கும் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதி, ஒவ்வொரு முடிவையும் அதோடு உரசிப் பாருங்கள். ஒட்டாததை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

சமாதானம் பேசும் துரியோதனனிடம் பழிவாங்குவேன் என்று சபதம் செய்கிற அசுவத்தாமன் கடைசி வரை குனியவே கூடாது என்று வைத்திருந்தேன். அந்த வேடம் கட்டிய நண்பர் இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை. “அவனும் ஒருதரம் மண்ணைத் தொட்டிருக்க வேண்டும்” என்கிறார். அடுத்த முறை போடும்போது அவர் சொல்வதுபோல் செய்துபார்க்கலாம் என்றிருக்கிறேன்.