கடன் வாங்கிக் கடல் பார்க்கலாமா?

கேள்வி: நாங்கள் கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் தனியார் பள்ளியில் வேன் ஓட்டுகிறார், சம்பளம் 18,000 ரூபாய். தீபாவளிக்கு அரை மாதச் சம்பளம் போனஸ் தருவார்கள். ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு. உரம், பறிப்புக் கூலி எல்லாம் போக நல்ல மாதத்தில் 14,000 நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் 5,000 வந்தாலே பெரிது. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8, மாமியாருக்கு 67. மாமியார் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. மகள் பாடப் புத்தகத்தில் பல்லவர்களைப் படித்ததிலிருந்து மாமல்லபுரம், மாமல்லபுரம் என்கிறாள். ஆயுத பூஜை விடுமுறையில் சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி போய்வர ஆசை. டிராவல்ஸில் வேனும் ரூமும் சேர்த்து 38,000 சொல்கிறார்கள், சாப்பாடு தனி. வங்கி ஆப்பில் 40,000 பர்சனல் லோன் தயாராக இருப்பதாகக் காட்டுகிறது: 24 மாதம், 18% வட்டி, 2% கட்டணம். சேமிப்புக் கணக்கில் 41,000 இருக்கிறது. அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் 1,000 வீதம் 14 மாதம் கட்டியிருக்கிறோம். 60,000 ரூபாய்க்கு 9.5% வட்டியில் நகைக்கடன் உண்டு, மார்ச்சில் கெடு. லோன் எடுக்கலாமா, ஆர்.டி.யை உடைக்கலாமா, அதே நகையின் மேல் இன்னும் கொஞ்சம் வாங்கலாமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணம் உங்களுக்கு வேண்டும். 67 வயதில் ஒருவர் முதல்முறையாகக் கடல் பார்ப்பதை வீண்செலவுக் கணக்கில் நான் எழுத மாட்டேன். ஆனால் ஆயுத பூஜைக்கு வேண்டாம், கடன் வாங்கியும் வேண்டாம், புதுச்சேரியைச் சேர்த்தும் வேண்டாம். பிப்ரவரி இரண்டாவது வாரக் கடைசியில், சென்னையும் மாமல்லபுரமும் மட்டும், சுமார் 23,500 ரூபாயில், கையிருப்பைத் தொடாமல் போய்வர முடியும்.

லோன் கணக்கைப் பார்ப்போம். 40,000 ரூபாயை 18% வட்டியில் 24 மாதம் கட்டினால் மாதத் தவணை 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். மொத்தம் 47,900 கட்டுவீர்கள். 2% கட்டணம் 800, அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. 144. பெரும்பாலும் இதைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கணக்கில் போடுவார்கள். ஆக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது ஏறக்குறைய 8,900 ரூபாய். கீழே நான் போட்டிருக்கும் கணக்கில் 5 பேருக்கும் போக வர ரயில் கட்டணமும் இரண்டு நாள் சாப்பாடும் சேர்த்தே 8,500-தான். அதைவிட எனக்குக் கவலை, தவணை விழும் மாதங்கள். இலை இல்லாத ஜனவரி, பிப்ரவரியில் உங்கள் வீட்டு வருமானம் மொத்தமே 23,000. அதில் 2,000 தவணை என்றால் மளிகையில்தான் கை வைக்க வேண்டிவரும். அதுவும் இரண்டு வருடத்துக்கு.

ஆர்.டி.யை உடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடைக்க முடியாது. அஞ்சலக ஆர்.டி. 5 வருடத் திட்டம். 3 வருடம் முடிந்த பிறகுதான் முன்கூட்டியே மூட விடுவார்கள். 12 தவணைக்கு மேல் கட்டியிருப்பதால், கட்டிய பணத்தில் பாதி வரை கடன் கிடைக்கும், உங்களுக்கு 7,000. ஆனால் ஆர்.டி. வட்டியைவிட 2% அதிகம் வாங்குவார்கள். அது பாட்டுக்கு ஓடட்டும், விடுங்கள்.

நகைக்கடன் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் தருகிறோம் என்று கவுண்டரிலேயே கேட்பார்கள். கேட்டவுடன் சரி என்று தலையாட்டி, நகையை மீட்கவே முடியாமல் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். வேண்டாம். உங்களுக்கு மார்ச்சில் வட்டி மட்டுமே 5,700 கட்ட வேண்டும். பிப்ரவரியில் கடலுக்குப் போய்வந்து மார்ச்சில் வட்டிக்குத் திண்டாடக் கூடாது. செப்டம்பரிலிருந்து மாதம் 800 ரூபாயை இதற்கென்று எடுத்து வைத்தால், மார்ச் வரை 5,600 சேர்ந்துவிடும்.

சேமிப்பில் இருக்கும் 41,000-த்தையும் மறந்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு அது இரண்டு மாதச் செலவுக்குக்கூடக் காணாது. வேன் ஓட்டுபவருக்கு ஒரு மாதம் உடம்பு முடியாமல் போனால் கை கொடுக்கும் பணம் அது ஒன்றுதான்.

இப்போது தேதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழை. நம் மலைப்பாதையில் மண் சரியும் காலமும் அதுதான். ஆயுத பூஜை என்றால் ரயிலிலும் கூட்டம், ரூமுக்கும் விடுமுறை விலை. கடலோரத்தில் மழை ஓய்ந்து வெயில் தலைதூக்காமல் இருப்பது ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். அப்போது தோட்டத்தில் கொழுந்து குறைவு, கவாத்து முடிந்திருந்தால் வேலையும் குறைவு. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இலை ஏறும் மாதங்களில் பணத்தைச் சேர்த்து, இலை இறங்கிய பிறகு போவதுதான் உங்கள் தோட்டத்துக்கு ஒத்துவரும். பொங்கல், குடியரசு தின விடுமுறைகள் முடிந்துவிடும், மகளின் ஆண்டுத் தேர்வும் தொடங்கியிருக்காது.

பயணத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி சாயங்காலம் பள்ளி வேனை விட்டுவிட்டு வந்ததும் அரவேணு, குஞ்சப்பனை வழியாக பஸ்ஸில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து இரவு 9 மணிக்கு மேல் நீலகிரி எக்ஸ்பிரஸ். சனி காலையில் சென்னை சென்ட்ரல். ஞாயிறு இரவு அதே ரயிலில் கிளம்பி, திங்கள் காலை மேட்டுப்பாளையம். இரண்டு இரவு ரயிலிலேயே போய்விடுவதால் ரூம் வாடகை ஒரே ஒரு இரவுக்குத்தான். வேன் என்றால் மலையிலிருந்து சென்னை வரை டீசல், டோல், டிரைவர் பேட்டா என்று ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு. உங்கள் 38,000-த்தில் பெரும்பகுதி அந்தச் சாலையிலேதான் போகிறது, கடலில் இல்லை.

புதுச்சேரியை விடச் சொன்னதும் இதனால்தான். சென்னையிலிருந்து மாமல்லபுரம் 60 கிலோமீட்டருக்குள். அங்கிருந்து புதுச்சேரி இன்னும் 100 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஞாயிறு இரவு ரயிலைப் பிடிக்க அத்தனை தூரமும் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் இன்னொரு இரவு ரூம், இன்னொரு நாள் லீவு.

இனி செலவு. ஸ்லீப்பரில் தலைக்கு 400 ரூபாய் என்று சற்றுத் தாராளமாகவே வைத்தால் 5 பேருக்குப் போக வர 4,000. மகனுக்கு 5 வயது தாண்டிவிட்டதால், தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சோடு போய்விட்டது, அதனால் மாமியாருக்கும் முழுக் கட்டணம்தான். ஆனால் லோயர் பெர்த்துக்கு அவர் வயதுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. குடும்பத்தோடு ஒரே டிக்கெட்டாகப் போட்டால் அது கிடைக்காது. அவருடையதைத் தனியாகப் போடுங்கள். ஆன்லைனில் எடுக்கும்போது ஒருவருக்கு 45 பைசாவுக்கு வரும் பயணக் காப்பீட்டையும் டிக் செய்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்குப் போக வர 500.

சென்ட்ரலில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, உடை மாற்றிக்கொண்டு காரில் ஏறுங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம் என்பேன். திருவான்மியூர் போய் அங்கிருந்து மாநகரப் பேருந்தில் மாமல்லபுரம் போகலாம், மிகக் குறைந்த செலவு. ஆனால் இரவெல்லாம் ரயிலில் வந்த 67 வயதுக்காரரையும் மூட்டை முடிச்சையும் வைத்துக்கொண்டு இரண்டு வண்டி மாறுவது நல்லதல்ல. போக வரக் கார் 5,500. பேசும்போதே, காலையில் மெரினாவில் ஒரு மணி நேரம் காத்திருப்பதையும் சேர்த்துப் பேசுங்கள். மாமியார் கடலைப் பார்க்கும் முதல் நிமிடத்தில் டிரைவர் ஹாரன் அடிக்கக் கூடாது, வெயிட்டிங் சார்ஜ் என்று பிறகு தகராறும் வரக் கூடாது.

மாமல்லபுரத்தில் எக்ஸ்ட்ரா பெட் போட்ட குடும்ப அறை 3,500 என்று வைத்திருக்கிறேன். 5% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 3,675. வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா, கூடுதல் ஆளுக்கு எவ்வளவு, இந்த இரண்டையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். பில் எகிறுவது பெரும்பாலும் இங்கேதான். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் தொல்லியல் துறை டிக்கெட் பெரியவர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம். ஆக உங்களுக்கு 120. ஒரே டிக்கெட் இரண்டுக்கும் செல்லும், ஆனால் அன்றைக்கு மட்டும்தான். ஒன்றைச் சனிக்கிழமையும் மற்றொன்றை ஞாயிறும் பார்த்தால் இரண்டு முறை காசு கொடுக்க வேண்டிவரும். 1984-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் இடத்தை உங்கள் மகள் 120 ரூபாயில் பார்க்கப் போகிறாள், எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. அங்கே கடலில் இழுப்பு அதிகம். மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அலை பழக்கமில்லை, கணுக்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு இரண்டு நாளுக்கு 4,500. இளநீர், கலங்கரை விளக்கம் போன்ற சில்லறைக்கு 800, பிள்ளைகள் கேட்பதற்கு 1,500.

நீங்கள் எழுதாத ஒரு செலவு இருக்கிறது. திங்கள் காலை ரயில் மேட்டுப்பாளையம் வரும் நேரத்தில் உங்கள் கணவர் வேனை எடுத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். பள்ளியில் முன்கூட்டியே சொல்லி, மாற்று டிரைவருக்கு ஒரு நாள் கூலி 800 ஒதுக்குங்கள். எல்லாம் சேர்த்தால் 21,395. எதிர்பாராததற்கு 2,000 சேர்த்தால் 23,395. அதனால்தான் 23,500 என்றேன்.

சேர்ப்பது எப்படி? செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மாதம் 4,500 வீதம் 18,000. ஜனவரியில் 2,000. தீபாவளி போனஸ் 9,000-த்தில் 3,500-ஐ எடுத்துக்கொண்டு மீதியைத் துணிமணிக்கு வையுங்கள். சரியாக 23,500. இந்தப் பணத்துக்கு ஆர்.டி. போட வேண்டாம், காலம் போதாது. கிடைக்கும் வட்டியும் பெரிதாக இராது. வீட்டில் இன்னொரு சேமிப்புக் கணக்கு இருக்கும், ஜி-பேயில் இணைக்காத கணக்காகப் பார்த்து, இலைப் பணம் வந்த அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மறுநாள் என்றால் உரக்கடைக்காரர் முந்திக்கொள்வார்.

ஞாயிறன்று மாமல்லபுரத்தை மதியம் 3 மணிக்கே விட்டுவிட வேண்டும். வார இறுதிக்கு வெளியே போன சென்னை முழுவதும் அன்று சாயங்காலம் ஈ.சி.ஆரில் திரும்பி வரும். ரயிலைத் தவறவிட்டால் 5 பேருக்கு ஆம்னி பஸ்ஸில் அந்த நேரத்துக்கு டிக்கெட் தேடுவது உங்கள் அவசரத் தொகை 2,000-த்தில் அடங்காது.

ரயில் முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்பு திறக்கும், காலை 8 மணிக்கு. உங்களுக்கு அது டிசம்பர் நடுவில் வரும். திறக்கும் நாளில் ஆதாரைச் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் முன்னுரிமை என்பதால், ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் அந்த வேலையை இப்போதே முடித்துவிடுங்கள். ஞாயிறு இரவு டிக்கெட் வெள்ளியைவிட வேகமாகத் தீரும். போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டு, திரும்புவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

டிசம்பர் 10-ம் தேதி அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள். திட்டப்படி போயிருந்தால் 17,000 இருக்கும், தைரியமாக டிக்கெட் போடுங்கள். பசுந்தேயிலை விலை சரிந்து 14,000 அளவில் நின்றால், திரும்பும் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் வாருங்கள், பிள்ளைகளுக்கான 1,500-ஐயும் பாதியாக்குங்கள். 12,000-கூட இல்லையென்றால் மாமல்லபுரத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் கோழிக்கோடு போய் ஒரு இரவு தங்கி வாருங்கள். சென்னையைவிடத் தூரம் மிகக் குறைவு, செலவும் குறையும். மகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். மாமியாருக்குக் கடல் கிடைத்துவிடும்.